கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன?

டென்மார்க் என்றதும் நம்மில் பலருக்குத் தரங்கம்பாடிக் கோட்டைதான் ஞாபகத்துக்கு வரும். கல்கத்தாவில் இருக்கும் நமக்கு அதைவிடப் பக்கத்தில் ஸ்ரீராம்பூர் இருக்கிறது. ஹவுராவில் லோக்கல் ஏறினால் முக்கால் மணிக்குள் போய்விடலாம். 1755 முதல் அதுவும் டேனிஷ்காரர்கள் வைத்திருந்த ஊர்தான். இரண்டையும் 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டு மூட்டை கட்டிவிட்டார்கள். கோட்டை கட்டியவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. நான் எழுத நினைப்பது, அதே நாட்டிலிருந்து கையில் ஒரு பெட்டியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பண்ணையாட்களைப் பற்றியும், அவர்களை இத்தனை வருடம் கழித்துத் தேடிப் பிடிப்பதைப் பற்றியும். இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள்.

என் பெண்ணை ஒமாஹாவில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை அமெரிக்கர். 2023ஆம் ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் ஐந்து மாதம் அங்கே இருந்தோம். அமெரிக்கா போய்வந்த பெற்றோர்கள் எல்லோருக்கும் தெரியும், முதல் பதினைந்து நாளுக்குப் பிறகு பொழுது போகாது. எனக்குச் சம்பந்தி ஒரு வேலை கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். தன் அம்மாவுடைய தாத்தாவின் பூர்வீகத்தை நாலைந்து வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். நானோ முப்பத்தைந்து வருடம் பேரேடு புரட்டியவன். இருவருமாக உட்கார்ந்தோம்.

வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இதுதான்: தாத்தா ஜட்லாந்துப் பக்கம் பெரிய பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை, 1880களில் அமெரிக்கா வந்தார், எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி அவருடைய பெயரைத் தப்பாக எழுதி மாற்றிவிட்டார். கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு முதலில் தேதிதான் கண்ணில் படும். எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரி 1ஆம் தேதி. அதற்கு முன்னே, 1855 முதல் 1890 வரை, நியூயார்க்கில் வந்திறங்கியவர்கள் காஸில் கார்டன் என்ற இடத்தின் வழியாகத்தான் போனார்கள். தவிர, பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல் கம்பெனி. புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிவிடுவார்கள். எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தார்களே தவிர, யாருக்கும் புதுப் பெயர் வைக்கவில்லை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தாங்களேதான் மாற்றிக்கொண்டார்கள். மோலர் என்றவர் மில்லர் ஆனார், கடைக்காரன் வாயில் நுழைய வேண்டுமே!

பெயர் விஷயத்தில் டேனிஷ்காரர்கள் நமக்கு நெருங்கிய சொந்தம் என்பேன். பீடரின் மகன் ஜென்ஸ் என்றால் அவன் ஜென்ஸ் பீடர்சென். அவன் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் ஜென்சென். மகளாக இருந்தால் ஜென்ஸ்தாத்தர். நம் இனிஷியல் மாதிரியே தலைமுறைக்குத் தலைமுறை மாறும். 1828இல் அரசாங்கம், ஞானஸ்நானத்தின்போதே நிலையான குடும்பப் பெயர் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டது. கிராமத்து ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் பல வருடம் பழையபடியே வைத்தார்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்ற வழக்கமும் உண்டு. பேரன் என்ற சொல்லே எதனால் வந்தது என்பது நமக்குத் தெரியாததா? உறவுமுறையிலும் அப்படித்தான். அத்தைக்கு ஒரு சொல், சித்திக்கு வேறு சொல். அப்பாவின் அப்பா ஃபார்ஃபார், அம்மாவின் அப்பா மோர்ஃபார். அமெரிக்கா வந்த மறு தலைமுறையில் எல்லாம் ஆன்ட்டியும் கிராண்ட்பாவுமாகக் கரைந்துவிட்டன.

இதனால் தேடுகிறவர்களுக்குத் தலைவலி. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து முதல் உலகப்போர் வரை சுமார் 3 லட்சம் டேனிஷ்காரர்கள் அமெரிக்கா போனார்கள். ஜென்சென், ஹான்சென், நீல்சென் என்ற பெயர்களே அதில் எத்தனை ஆயிரமோ! ஊர் தெரிந்தால்தான் ஆளைப் பிடிக்கலாம். அமெரிக்கக் காகிதங்களிலோ ஊர் இருக்காது. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் வந்த வருடம் இருக்கிறது. பிறந்த இடம் என்ற பத்தியில் 'டென்மார்க்', அவ்வளவுதான். 1890ஆம் ஆண்டுக் கணக்கு 1921இல் வாஷிங்டனில் தீப்பிடித்ததில் பெரும்பாலும் போய்விட்டது. குடியுரிமைப் பத்திரத்தில் 'டென்மார்க் மன்னருக்குரிய விசுவாசத்தைத் துறக்கிறேன்' என்று அழகாக இருக்கிறது. அந்த மன்னரின் ராஜ்யத்தில் எந்தக் கிராமம் என்று 1906க்கு முன் யாரும் பெரும்பாலும் கேட்கவில்லை.

எங்களுக்கு வழி திறந்தது ஒரு பாதிரியாரின் கையெழுத்தில். ஒமாஹாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால் அயோவா மாநிலத்தில் எல்க் ஹார்ன் என்ற சின்ன ஊர். டேனிஷ்காரர்கள் குடியேறிய ஊர். 1848இல் டென்மார்க்கில் கட்டிய காற்றாலையை 1976இல் பிரித்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அவர்களுடைய ஊர்ப்பாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். டேனிஷ் அமெரிக்க அருங்காட்சியகமும், வம்ச வரலாறு தேடுவோருக்கு உதவும் பிரிவும் அங்கே உண்டு. பழைய டேனிஷ் சபையின் பதிவேட்டில் தாத்தாவை அடக்கம் செய்த குறிப்பு கிடைத்தது. பாதிரியாரும் ஊரைவிட்டு வந்தவர்தானே? 'டென்மார்க்' என்று எழுதி விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. பிறந்த கிராமத்துச் சபையின் பெயரை எழுதியிருந்தார்.

அதன் பிறகு மளமளவென்று வந்தது. ஏமாற்றுக்கார ஏஜெண்டுகளிடமிருந்து ஜனங்களைக் காப்பாற்ற டென்மார்க் 1868இல் ஒரு சட்டம் போட்டது. அதன்படி ஏஜெண்டிடம் வாங்கும் ஒவ்வொரு பயண ஒப்பந்தமும் கோபன்ஹேகன் போலீஸின் பார்வைக்குப் போக வேண்டும். 1869 முதல் 1940 வரையிலான அந்தப் பேரேடுகள் பத்திரமாக இருக்கின்றன. பெயர், வயது, தொழில், கடைசியாக இருந்த ஊர், போகுமிடம் எல்லாம் அதில் உண்டு. நம் ஆள் இருந்தார். தொழில்: பண்ணையாள். சம்பந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். 'பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை'க்குப் பண்ணையாள் வேலை எதற்கு?

கிராமத்துச் சபைப் பதிவேடுகளை டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகம் இன்டர்நெட்டில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1814 முதல் அவற்றை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், இரண்டும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஒன்று எரிந்தால் மற்றொன்று மிஞ்சும். இந்த ஒரு விதிக்காகவே அந்த தேசத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். பழைய கோதிக் கையெழுத்து எங்கள் இருவருக்கும் புரியவில்லை. படிக்கத் தெரிந்த ஓர் அம்மாள்தான் வரிவரியாகப் படித்துச் சொன்னார். குழந்தை முறையான கல்யாணத்தில் பிறந்ததல்ல. தாய் ஒரு பண்ணையில் வேலைக்காரி, வயது இருபத்திரண்டு. தகப்பன் என்று அவள் சொன்ன ஆளின் பெயர் இருக்கிறது. கூடவே இன்னொரு குறிப்பு: பிரசவத்துக்குப் பத்து மாதம் முன்பு அவள் எந்தப் பண்ணையில் இருந்தாள் என்று. கல்யாணமாகாத தாய்மார்களிடம் மட்டும் இந்தக் கேள்வி. ஏன் கேட்டார்கள் என்பது உங்களுக்கே புரியும்.

1870ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் பையன் ஒரு குடிசைக்காரர் வீட்டில் 'வளர்ப்புப் பிள்ளை'. அம்மா வேறொரு கிராமத்தில் யார் வீட்டிலோ வேலையில் இருக்கிறாள். ஊரை விட்டுப் போகிறவர், வருகிறவர் பெயரையும் சபையில் எழுதியதால், மே மாதமும் நவம்பர் மாதமும் அவள் பண்ணை மாறியதைப் பின்தொடர முடிந்தது. கல்யாணமே ஆகாமல் இறந்துபோனாள். அதுவும் எழுதியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சம்பந்தியின் தாயார் அப்போது உயிரோடு இருந்தார், வயது 94. தாத்தா மடியில் உட்கார்ந்தது அந்த அம்மாளுக்கு ஞாபகம் உண்டு. அவரிடம் இதைச் சொல்வதா, வேண்டாமா? என் மனைவி, "இந்த வயசில் எதுக்கு அவங்களுக்கு இந்த வேதனை? காகிதத்தை மூடி வையுங்க" என்றாள். மாப்பிள்ளையும் அந்தக் கட்சி. எனக்கு மட்டும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு மனுஷி எழுபது மைல் தள்ளி அல்ல, ஏழு பண்ணை தள்ளி இருந்துகொண்டு பிள்ளையைப் பார்க்க முடியாமல் செத்திருக்கிறாள். அவளை இரண்டாம் தடவையும் மறைத்து வைப்பதா? சம்பந்தி நாலு நாள் யோசித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டார்.

கிழவி அழவில்லை. "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னதும், "அதுதானே எங்கள் மூத்த அத்தையின் பெயர்! யார் பெயர் அது என்று கேட்டால் தாத்தா பதில் சொல்ல மாட்டார்" என்றார். அப்பாவழியிலும் அம்மாவழியிலும் யாருக்கும் இல்லாத அந்தப் பெயரைத்தான் அவர் தன் முதல் பெண்ணுக்கு வைத்திருக்கிறார். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

சங்கத்தில் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வம்சாவளியைக் கிளறினால் சாதிப் பெருமையும் அசிங்கமும்தான் வரும்" என்றார். பெருமைக்காகத் தேடினால் அப்படித்தான். ஆனால் நான் பார்த்த பேரேடுகளில் பெருமைக்கு இடமே இல்லை. வேலைக்காரி, குடிசைக்காரர், வளர்ப்புப் பிள்ளை. அவர்களுடைய பெயரையும் ஒரு பாதிரியார் இரண்டு பிரதி எழுதிவைத்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவளைக் கேவலப்படுத்தக் கேட்ட கேள்வியே கடைசியில் அவளைக் கண்டுபிடிக்க உதவியது.

நம் கதை என்ன? 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன நம்மவர்களுக்குக்கூடக் கப்பல் பட்டியல் இருக்கிறது. தகப்பன் பெயர், கிராமம் எல்லாம் போட்டிருக்கும். ஆனால் சென்னை சென்ட்ரலில் ரயிலேறி ஹவுராவில் இறங்கிய நம்மை யார் எழுதினார்கள்? 1971இல் எனக்கு டிக்கெட் கொடுத்தவர் என் அப்பா பெயரைக் கேட்கவில்லை. அப்புறம் இங்கே பள்ளிக்கூடத்தில் ‘சர்நேம்’ கேட்டார்கள், என் பெயரைக் கொடுத்தேன். இப்போது என் பெயர்தான் ஒமாஹாவில் என் பேரனுக்கு நடுப்பெயர். நூறு வருடம் கழித்து அதை ஒரு குலப்பெயர் என்று யாராவது ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள்! ஊர்ப் பெயரோ, ஒற்றை எழுத்தாக இருந்ததும் உதிர்ந்துவிட்டது.

சம்பந்தி திரும்ப என்னைக் கேட்டார், "உங்கள் பக்கம் எதுவரை தெரியும்?" என்று. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பெயர் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, "இவர் மனைவி?" என்றார். திதி கொடுக்கும்போது மூன்று தலைமுறை பெயர் சொல்லும் வழக்கமுள்ள வீடுகளில் பெண்கள் பெயரும் பிழைத்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. ஒரு டேனிஷ் வேலைக்காரி எந்த மே மாதம் எந்தப் பண்ணைக்குப் போனாள் என்று தெரிந்துகொண்ட எனக்கு, என் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், ஊர், தெரு, எதற்காக ஊரை விட்டார்கள் என்பது. கடன் தொல்லையில் ஓடிவந்தவர் கதையையும் அப்படியே எழுதியிருக்கிறேன், தம்பிக்குக் கோபம். எழுதியதை ஜெராக்ஸ் எடுத்துப் பெண்ணுக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு பிரதியும் ஒரே கூரையின் கீழ் இல்லை. கொள்ளுப்பாட்டி பக்கம் மட்டும் காலி. கும்பகோணத்தில் இருக்கும் எண்பத்தெட்டு வயது அத்தைக்குப் போன் செய்தேன். "எங்களுக்கு அப்பாயி, ஊருக்குப் பெரியம்மா. பேர் சொல்லிக் கூப்பிட அவங்களுக்கு மூத்தவங்க யாருடா இருந்தா?" என்றார்.

மன்னார்குடியில் சித்தப்பா மகனிடம் ஒரு பழைய கிரயப் பத்திரம் இருக்கிறதாம். கொள்ளுத்தாத்தா போன பிறகு கால் காணி விற்றது. அதில் அப்பாயி கைநாட்டு வைத்திருப்பார், பக்கத்தில் பெயர் எழுதியிருப்பார்கள் என்கிறான். பெட்டி பரண்மேல் இருக்கிறது, இறக்க ஆள் வேண்டும். பூஜை முடிந்த மறுவாரம் கோரமண்டலில் டிக்கெட் போட்டிருக்கிறேன்.