நாப்பழக்கம்

நம் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பை அடையும் மாணவர் பத்து ஆண்டுகள் அம்மொழியோடு உடனிருந்தவர் ஆகிறார். முக்காலங்களையும் அவற்றின் உட்பிரிவுகளையும் வரிசை பிறழாமல் ஒப்புவிக்க அவரால் இயலும். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றி எழுதவும் அவர் வல்லவர். ஆயினும் வெளிமாநிலத்தார் ஒருவர் பேருந்து நிலையத்தில் அவரை அணுகி, மதுரைக்குச் செல்லும் வண்டி எங்கே நிற்கும் என்று ஆங்கிலத்தில் வினவினால், விடை நெஞ்சில் இருக்கிறது, நாவிற்கு வருவதில்லை. கையை நீட்டித் திசையைக் காட்டிவிட்டு அவர் விரைந்து அகன்றுவிடுகிறார்.

இஃது அறிவுக் குறைவு அன்று. வரலாற்றையும் புவியியலையும் போல ஆங்கிலத்தையும் ஒரு பாடமாகவே அவர் படித்தார். குழந்தை நடை பழகுவதுபோல அதனைப் பழகவில்லை. வரலாற்றைப் படித்து அறிந்துகொள்ளலாம். மொழியையோ படித்து அறிந்தால் மட்டும் போதாது. செவியும் நாவும் கையும் அதில் நாள்தோறும் ஈடுபட வேண்டும். அந்த ஈடுபாடு இன்பம் தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. இன்பம் இல்லாத பயிற்சியை எவரும் நெடுநாள் தொடர்வதில்லை. தேர்வு முடிந்த மறுநாளே அது பரணுக்குப் போய்விடும்.

ஹைன்ரிக் ஷ்லீமன் என்னும் செருமானியர் ஆங்கிலம் கற்ற கதை சுவையானது. 1871ஆம் ஆண்டு முதல் துருக்கி நாட்டில் மண்ணை அகழ்ந்து, பழைய டிராய் நகரத்தின் இடிபாடுகளை உலகுக்குக் காட்டியவர் அவர். 1822ஆம் ஆண்டில் பிறந்த அவர், வறுமையால் பதினான்காம் அகவையில் பள்ளியை விட்டு ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு வணிக நிலையத்தில் ஏவல் பணி கிடைத்தது. கிடைத்த ஊதியத்தில் பாதியைக் கல்விக்குச் செலவிட்டார். ஆங்கிலத்தை அவர் மொழிபெயர்த்துக் கற்கவில்லை. வாய்விட்டு உரக்கப் படித்தே கற்றார். தமக்கு விருப்பமான பொருள்களைப் பற்றி நாள்தோறும் சிறு கட்டுரை எழுதினார். ஆசிரியரின் துணையோடு அதனைத் திருத்திக்கொண்டார். திருத்தியதை மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்புவித்தார். ஞாயிறுதோறும் அந்நகரில் இருந்த ஆங்கிலேயரின் கிறித்தவக் கோயிலுக்கு இருமுறை சென்று, சொற்பொழிவின் ஒவ்வொரு சொல்லையும் தாமும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே கேட்டார். கடைத்தெருவுக்கு அனுப்பப்பட்டால் மழையிலும் கையில் நூல் இருக்கும். அஞ்சல் நிலையத்தில் காத்து நிற்கும் நேரமும் அவருக்குப் படிப்பு நேரமே. இவ்வாறு ஆறு திங்களில் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றதாக அவரே எழுதியுள்ளார்.

அதன் பின்னர் அவர் உருசிய மொழியைக் கற்கத் தொடங்கினார். அதற்கு ஆசிரியர் எவரும் கிடைக்கவில்லை. கேட்பார் ஒருவர் இருந்தால் ஊக்கம் மிகும் எனக் கருதி, வாரத்திற்கு நான்கு பிராங்கு கூலி பேசி, ஏழை முதியவர் ஒருவரை அமர்த்திக்கொண்டார். மாலைதோறும் இரண்டு மணி நேரம் அம்முதியவர்முன் நின்று தாம் கற்ற உருசியப் பகுதிகளை முழங்குவார். முதியவருக்கோ உருசிய மொழியில் ஓர் அசையும் தெரியாது! அண்டையில் குடியிருந்தோர் அந்த முழக்கத்தைப் பொறாமல் முறையிட, ஷ்லீமன் இருமுறை வீடு மாற்ற நேர்ந்தது. தம்மைப் பற்றி எழுதும்போது சற்றே மிகைப்படுத்தும் இயல்பு அவருக்கு உண்டு என்பர் ஆராய்ச்சியாளர். ஆறு திங்கள் என்பதை நாம் ஓராண்டு என்றே வைத்துக்கொள்வோம். அவர் கையாண்ட முறைக்கு அதனால் இழுக்கில்லை.

அவர்போல் முழு நூல்களை மனப்பாடம் செய்யுமாறு நான் உங்களைக் கேட்கமாட்டேன். வீடு மாற்றும் நிலையை உங்கள் பெற்றோர்க்கு உண்டாக்கவும் வேண்டா. ஆனால் அவர் வாய்விட்டுப் படித்தார் என்பதை மட்டும் நெஞ்சில் இருத்துங்கள். ஆங்கிலத்திற்கு அது மிகவும் இன்றியமையாதது. தமிழ் எழுத்துகளைக் கற்ற ஒருவர் புதிய சொல்லையும் ஏறத்தாழ எழுதியவாறே ஒலித்துவிடலாம். ஆங்கிலத்தில் அது நடவாது. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகளும் அதே வரிசையில் இறுதியில் நிற்கும் சொற்களைப் பாருங்கள். ஒன்றை 'டஃப்' என்கிறோம். ஒன்றை 'தோ' என்கிறோம். ஒன்றை 'த்ரூ' என்றும், இருமலைக் குறிக்கும் சொல்லைக் 'காஃப்' என்றும் ஒலிக்கிறோம். இதற்கு விதி தேடிக் களைப்பதில் பயனில்லை. கேட்டுக் கேட்டுத்தான் இவை பழக வேண்டும். கண்ணால் மட்டும் ஆங்கிலம் கற்றவர் பேசத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்: எழுத்துக் கூட்டத் தெரிந்த சொல்லையும் எவ்வாறு ஒலிப்பது என்னும் ஐயம் அவரை விடுவதில்லை.

கேட்பதற்கு வாய்ப்பு எங்கே என்று சிற்றூர் மாணவர் வினவலாம். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவரும் இல்லாதவர்க்கு அவ்வினா மெய்யான வினாவே. எனினும் வாய்ப்புகள் நாம் எண்ணுவதைக் காட்டிலும் மிகுதி. இரயில் நிலையத்தில் வண்டியின் வரவைத் தமிழில் அறிவிக்கின்றனர். அதே செய்தியை ஆங்கிலத்திலும் அறிவிக்கின்றனர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு காலத் தாழ்வு என்பன முன்பே நமக்குத் தெரிந்துவிட்டன. பொருள் கையில் இருக்க, சொல் செவியில் விழுகிறது. காத்திருக்கும் அரைமணி நேரத்தில் ஒரு சிறு பாடம் செலவின்றி நடந்துவிடுகிறது. கிரிக்கெட் ஆட்டம் அதனினும் இனிய ஆசிரியர். பந்து எல்லைக் கோட்டைக் கடப்பதைக் கண் காண்கிறது. வருணனையாளர் அதனைச் சொல்லக் காது கேட்கிறது. குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லின் பொருளை உணர்வதும் இம்முறையில்தான். ஆட்டம் முழுவதையும் ஆங்கில வருணனையில் கேட்க வேண்டும் என்பதில்லை. ஆறு பந்துகள் கொண்ட ஓர் ஓவரை அவ்வாறு கேட்டுவிட்டு, மற்றவற்றைத் தமிழில் கேட்டு மகிழலாம்.

படிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களில் இடர்ப்படுவதை உற்று நோக்கினார். வரிக்கு வரி புதுச் சொல் குறுக்கிட்டால் கதை ஓடாது. கதை ஓடாவிட்டால் படிப்பவர் நூலை மூடிவிடுவார். ஆதலின் அரிய சொற்களைக் களைந்து, பழகிய சொற்களாலேயே அமைந்த வாசக நூல்களை அவர் உருவாக்கினார். அடிக்கடி வழங்கும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியல் ஒன்றை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். படிக்கும் ஆற்றலையே முதலில் வளர்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. செவியும் நாவும் உடன் வளராவிட்டால் அது போதாது என்றே நான் எண்ணுகிறேன். எனினும் எளிய நூல் வேண்டும் என்று அவர் கூறியது முற்றிலும் உண்மை. எட்டாம் வகுப்பு மாணவர் ஐந்தாம் வகுப்புக்குரிய ஆங்கிலக் கதையை எடுத்துப் படிப்பதில் ஒரு நாணமும் வேண்டா. அகராதியைத் தொடாமல் பத்துப் பக்கம் படிப்பது, அகராதியோடு போராடி அரைப்பக்கம் படிப்பதினும் மேலானது. 1888ஆம் ஆண்டில் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், இந்தியாவில் இருந்தவரை தாம் செய்தித்தாளே படித்ததில்லை என்றும், அங்கே நாள்தோறும் மூன்று செய்தித்தாள்களைப் பார்க்கும் விருப்பத்தை வளர்த்துக்கொண்டதாகவும் தம் வரலாற்றில் கூறுகிறார். அதற்கு ஒரு மணி நேரமும் ஆகவில்லையாம்.

எழுதுவதற்கு நாளைக்கு நான்கு வரி போதும். கடையில் வாங்கிய பொருள், தம்பியோடு இட்ட சண்டை, தெருவில் கண்ட நாய்க்குட்டி ஆகிய எதுவும் பொருளாகலாம். தமிழ்த் தொடரை அப்படியே சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவதுதான் இங்கு இடறும் கல். தமிழர்க்குப் பசி வந்து சேர்கிறது. "எனக்குப் பசிக்கிறது" என்கிறோம். ஆங்கிலேயரோ "நான் பசியாய் இருக்கிறேன்" என்னும் பொருள்பட, 'ஐ ஆம் ஹங்ரி' என்பர். நாம் "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்போம். அவர்கள் தம்பியை உடையவராகப் பேசுவர். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்னும் வேறுபாடு நம்மிடம் உண்டு. அவர்க்கு இரண்டிற்கும் 'வீ' ஒன்றுதான். இவ்வேறுபாடுகளைக் கண்டு வியப்பவர்க்கு இலக்கணம் கசப்பதில்லை. தமிழைக் கூர்ந்து அறிந்தவர்க்கே இவ்வியப்பு வாய்க்கும். ஆங்கிலம் வளரத் தமிழைக் குறைக்க வேண்டும் என்பாரின் கூற்றில் பொருள் இல்லை.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்றைக் கூறுகிறேன். வகுப்பில் ஒரு மாணவி துணிந்து எழுந்து ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசுகிறாள். அவற்றுள் ஒரு வினைச்சொல் பிழைபடுகிறது. பின்வரிசையில் எழும் சிரிப்பு அவளை அமரச் செய்துவிடுகிறது. அன்று அமர்ந்தவள் ஆண்டு முழுவதும் எழுவதில்லை. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவர்க்கு இச்சிரிப்பு ஒரு விளையாட்டு. தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவளுக்கோ அது கதவடைப்பு. இலக்கணப் பிழையைப் பிறகும் திருத்தலாம். அடங்கிய குரலை மீட்பது அரிது. ஆங்கிலம் பேசுவதே அறிவின் அடையாளம் என்னும் தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பதாலேயே அம்மொழியில் நேரும் பிழை அறியாமையாகக் கருதப்படுகிறது. கணக்கில் பிழை செய்தவரைப் பார்த்து நாம் இவ்வாறு சிரிப்பதுண்டா?

போலந்துப் பெற்றோர்க்கு 1857ஆம் ஆண்டில் பிறந்த ஜோசப் கான்ராடு, 1878இல் ஒரு கப்பலில் வந்து இங்கிலாந்தில் இறங்கியபோது இருபது அகவை இளைஞர். ஆங்கிலத்தில் சில சொற்களே அவருக்குத் தெரியும். மாலுமிகளோடு வேலை செய்து, அவர்கள் பேச்சைக் கேட்டு, அம்மொழியைப் பழகினார். 1895இல் முதல் நாவலை வெளியிட்டு, ஆங்கில இலக்கியத்தின் பெரும் எழுத்தாளருள் ஒருவரானார். ஆயினும் அவர் பேச்சில் அயல்மொழியின் ஒலிச்சாயல் இறுதிவரை நீங்கவில்லை. 1839ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிற்கு வந்த ஜி. யு. போப், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். கப்பலை விட்டு இறங்கிய நாளிலேயே அவர் பிழையின்றித் தமிழ் பேசியிருப்பாரா? நம் ழகரமும் ளகரமும் அவர் நாவை எவ்வளவு வருத்தியிருக்கும்!

பயிற்சிக்குத் துணையாக ஒரு தோழர் போதும். பள்ளிக்கு நடந்து செல்லும் பத்து மணித்துளிகளை இருவரும் ஆங்கிலத்திற்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கலந்து பேசுவதை நான் பயிற்சியாகக் கொள்வதில்லை. அது இரண்டையும் கெடுக்கும். அப்பத்து மணித்துளிகளும் ஆங்கிலமாகவே செல்லட்டும். வழியில் காணும் பொருள்களைச் சொல்லலாம். நேற்று நடந்த ஆட்டத்தைப் பேசலாம். நம் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் கடல் கடந்து 'கேட்டமரன்', 'ஷெரூட்', 'மலிகடானி' என ஆங்கில அகராதியில் குடியேறிய கதையை ஒருவர் மற்றவர்க்குச் சொல்லலாம். இடையில் ஒரு சொல் கிடைக்காவிட்டால் நின்றுவிடாமல், வேறு எளிய சொற்களால் சுற்றி வளைத்தாவது சொல்லி மேலே செல்லுங்கள். கிடைக்காத அச்சொல்லை மட்டும் ஏட்டின் ஓரத்தில் தமிழில் குறித்து வைத்து, அன்று மாலை ஆசிரியரைக் கேட்டு, மறுநாள் காலை அதே வழியில் அதனைப் பேச்சில் வழங்கிப் பாருங்கள்.