கந்தல் கொடை ஆகாது

விபுலாநந்த அடிகள் 1892ஆம் ஆண்டிலே தோன்றிய ஊர் காரைதீவு. அதன் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே மாளிகைக்காடும் மாவடிப்பள்ளியும் முஸ்லிம் ஊர்களாய் விளங்குகின்றன. ரமழான் பிறந்துவிட்டால் இக்கரையிலே ஈகையைப் பற்றிப் பேசாத வீடில்லை. அதனைக் குறித்தே சில கூற விழைகிறோம்.

பெருநாள் தொழுகைக்கு முன் ஏழைக்குச் சேரவேண்டிய பித்ராவுக்கு அளவு உண்டு. உடைக்கோ அளவில்லை. அளவில்லாத இடத்திலேதான் மனிதனின் மனம் வெளிப்படுகிறது. சாயம் போன சாறனையும் பொத்தான் அறுந்த சட்டையையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குத் தருமம் என்று பெயர் சூட்டுகிறோம். இது தருமமா, வீட்டைத் துப்புரவு செய்தலா?

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோளை இக்கரை மறக்காது. அன்று துயருற்றோர்க்கென வந்த பொருள்களிடையே, வெப்பநாட்டார்க்கு உதவாத குளிர்நாட்டு மேற்சட்டைகளும் இருந்தன. கடலுக்கப்பால் நாகப்பட்டினத்திலே பழந்துணி தெருவோரம் குவிந்து கிடந்தது. அனைத்தையும் இழந்த மக்களும் அதனை எடுத்து உடுக்க மனங்கொள்ளவில்லை. அவர்கள் நன்றி கெட்டவர்களா? அல்லர், மானமுள்ளவர்கள்!

முஸ்லிம் சட்டத்திலே நன்கொடைக்கு உறுப்புக்கள் மூன்று: கொடுப்பவன் அறிவிப்பு, பெறுபவன் ஏற்பு, பொருளின் ஒப்படைப்பு. பெறுபவன் மனமுவந்து ஏற்காதவிடத்துக் கொடையே இல்லை. தாமே கண்ணை மூடிக்கொண்டன்றி வாங்கமாட்டாத பொருளைப் பிறர்க்கு ஈதலைத் திருக்குர்ஆன் கண்டிக்கிறது. தாம் நேசிப்பதிலிருந்தே கொடுக்கும்படி பணிக்கிறது. அது கேட்ட அபூதல்ஹா என்னும் நபித்தோழர், மதீனாவிலே தமக்கு மிக உவப்பான பேரீச்சந் தோட்டத்தையே ஈந்தார் என்பது வரலாறு.

நம் வீடுகளிலே தோட்டமில்லாதிருக்கலாம்; பெட்டகம் உண்டு. அதனுள்ளே மருதமுனைத் தறியில் நெய்த மூத்தம்மாவின் சேலை மடிப்புக் கலையாமல் உறங்குகிறது. 1977க்குப் பின் வந்த இறக்குமதித் துணியும், பின்னர் கடல்கோளும் தாக்கிய தறிகளின் செல்வம் அது. நினைவுப் பொருளையும் கொடுத்துவிடுவதா என்று வினவுவார் உளர். நியாயமான வினாவே. எல்லாவற்றையும் கொடுக்குமாறு நாம் கூறவில்லை. குடும்பமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு அருமையான ஒன்றை எடுத்துவைக்கட்டும். பூச்சிக்கு இரையாகும் சேலையிலே நினைவு வாழ்கிறதா, பெருநாட் காலையில் ஓர் ஏழைப் பெண் அதனை உடுத்து நிமிர்ந்து நடக்கையிலே வாழ்கிறதா? எடுத்துவைக்கும்போது பிள்ளையின் கை சற்றே தயங்கும். அத்தயக்கமே அதற்குக் கிடைக்கும் முதற்பாடம்.

கொடையால் வறுமை ஒழியாது. அதற்குத் தொழிலும் நேர்மையான கூலியும் வேண்டும். அப்போராட்டத்தை நாம் கைவிடோம். ஆயினும் ஏழையின் மானத்தை வீட்டிலே மதிக்கக் கல்லாதவன், மன்றத்திலே அதற்காக வாதாடுவான் என்று நம்புவதெங்ஙனம்? தீபாவளிக்குப் பழந்துணி கட்டும் எமது காரைதீவு வீடுகளுக்கும் இது பொருந்தும். தமிழ் பேசும் மக்கள் அனைவரும் நெஞ்சிலே கொள்ளவேண்டியது ஒன்றே: நாம் உடுக்க நாணுவதைப் பிறர்க்கு உடுத்த நாணுவோமாக!