இபான் வீட்டில் டிவி இருந்தால் என்ன?

மலேசியாவின் சரவாக் மாநிலத்துக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர், குச்சிங்கிலிருந்து சில மணி நேரம் காரிலும் பிறகு படகிலும் பயணம் செய்து, பத்தாங் ஆய் பக்கம் இபான் மக்களின் நீண்ட வீடுகளைப் பார்க்கப் போகிறார்கள். அங்கே தகரக் கூரையையும் டிவியையும் பார்த்ததும், "இது அசல் இல்லையே!" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

இது நியாயமா? ஒழுகாத கூரை வேண்டாம் என்று சொல்ல, ஒரு ராத்திரி தங்கிப் போகிறவருக்கு என்ன உரிமை?

இந்த வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி இடம் உண்டு. முன்னால் வீட்டின் நீளத்துக்கும் ஓடும் பொதுத் திண்ணையின் பெயர் ருவாய். விருந்தாளிக்குத் துவாக் என்ற அரிசி மது கொடுப்பது, பாய் பின்னுவது, ஊர்ப்பேச்சு எல்லாம் அங்கேதான்.

பயணிகள் ஆசையாகப் படம் எடுக்கும் பழைய ஜாடிகளில் பல சீனாவிலிருந்து வந்தவை! இளைஞர்கள் வெளியூர் போய், பொருளும் பெயரும் சம்பாதித்துத் திரும்புவது இபான்களின் பழைய வழக்கம். அதற்குப் பெயர் பெஜாலாய். அன்று ஜாடி வந்தது, இன்று டிவி வருகிறது. அவ்வளவுதான்.

ஜூன் 1-ம் தேதி கவாய் திருநாளுக்கு, நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இந்த வீட்டுக்குத்தான் திரும்புகிறார்கள். இதைவிட அசல் எது?

மண்டை ஓடு எங்கே என்று தேடுவதை விட்டு, ருவாயில் சும்மா உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம். அவர்களும் ஊர் சுற்றியவர்கள்தான்!