கோவை எங்கே? காசு எங்கே?

மூதூர்க் கமக்காரன் ஒருவன், நெல் விற்ற பணத்தை மடியிலே முடிந்துகொண்டு திருகோணமலைக்கு வருகிறான். காணி வழக்கு அவனுடையது. சட்டத்தரணியின் அலுவலகத்துக் கதவிலே பூட்டுத் தொங்குகிறது. தொலைபேசியோ ஊமையாயிற்று. "வெளிநாடு போய்விட்டாராம்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். கொடுத்த முற்பணமும் போயிற்று. உறுதியும் வரைபடமும் அடங்கிய கோவையும் போயிற்று. பற்றுச்சீட்டா? கேட்க அவன் கூசினான்; கொடுக்க இவர் நினைக்கவில்லை!

இது ஒருவனின் தலைவிதியா? 2006ஆம் ஆண்டிலே ஊரோடு இடம்பெயர்ந்த மக்கள், உயிருக்கு அடுத்தபடியாகக் காத்துச் சென்றது காணி உறுதியை அன்றோ! குண்டுக்குத் தப்பிய தாள், காப்பேன் என்று வாங்கியவர் கையிலே தொலைவதா?

சட்டம் யாது சொல்கிறது? குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவின்படி, கட்சிக்காரன் ஒப்பமிட்டு மன்றிலே இட்ட நியமனப் பத்திரத்தை நீக்குவதற்கு மன்றின் அனுமதி வேண்டும். அச்சட்டத்தரணிக்கு அறிவித்தலும் வேண்டும். ஆளையே காணோம், அறிவித்தலை யாரிடம் நீட்டுவது? 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, வஞ்சகமும் முறைகேடும் புரிந்தவரை இடைநிறுத்தவோ பெயர் நீக்கவோ உயர் நீதிமன்றுக்கு அதிகாரமளிக்கிறது. நன்று! பெயர் நீங்கியதால் கமக்காரனின் பணம் வீடு வந்து சேருமா?

இங்கிலாந்திலே, சட்டத்தரணியின் நேர்மையீனத்தால் பணமிழந்தவனுக்கு ஈடு செய்ய 1941ஆம் ஆண்டின் சட்டம் நிதியொன்றை நிறுவியது. அவர்களிடம் அங்கியை வாங்கிக்கொண்ட நாம், அந்தக் கடமையை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை? நானும் அங்கி அணிந்தவனே. இந்த வெட்கத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே கேட்கிறோம்: தொழிலை விட்டுச் செல்பவர், கோவைகளைக் கட்சிக்காரரிடம் ஒப்படைத்தே செல்லவேண்டும். கைவிடப்பட்ட கோவைகளைச் சட்டத்தரணிகள் சங்கம் பொறுப்பேற்கவேண்டும். வாங்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

அதுவரை கைகட்டி இராதீர், கமக்காரர்களே! வழக்கேட்டின் அத்தாட்சிப் பிரதியை மன்றப் பதிவாளரிடம் கேளுங்கள். நொத்தாரிசு முடித்த உறுதியின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். கடைசி முகவரிக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்பி, அந்தச் சீட்டுடன் மன்றின் அனுமதியை நாடுங்கள். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள். தாமதம் வேண்டாம்: எழுத்தில்லா ஒப்பந்தத்தின்மேல் பணம் கோர 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தரும் தவணை மூன்றே ஆண்டுகள்.

கோவை கட்சிக்காரனின் சொத்து. அதைக் கேட்பது பிச்சையன்று, உரிமை!