டாக்டருக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் ஆனந்தம்! மாமா தங்க மோதிரம் போடுகிறார். சித்தப்பா ஸ்டெதாஸ்கோப் வாங்கி வருகிறார். பெரியப்பாவும் ஸ்டெதாஸ்கோப் வாங்கி வருகிறார்! பெண் பிள்ளையாக இருந்தால் அத்தை பட்டுச் சேலை எடுத்து வருகிறாள்.

கல்லூரி திறந்து ஒரு வாரம் ஆகிறது. அந்தப் பிள்ளை தகப்பனார் முன் தயங்கித் தயங்கி நிற்கிறது.

"அப்பா, இன்னும் ஒரு வெள்ளைக் கோட்டு வேண்டும். அறுவைக் கருவிப் பெட்டி வேண்டும். புத்தகம் வேண்டும்."

தகப்பனார் கையைப் பிசைகிறார். விரலில் மோதிரம் மின்னுகிறது. படிப்புக்கு வேண்டிய பொருள் இல்லை. இது சரிதானா?

முதல் ஆண்டுப் படிப்பு

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டு. அதன் பிறகு ஓர் ஆண்டு மருத்துவமனையில் பயிற்சி.

முதல் ஆண்டில் உடலின் அமைப்பைப் படிக்க வேண்டும். இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்துக் கற்க வேண்டும். உடல் கெடாமல் இருக்க பார்மலின் என்ற மருந்தைச் செலுத்தி வைத்திருப்பார்கள். அதன் நெடி கண்ணை எரிக்கும். துணியிலும் ஏறிக் கொள்ளும்.

ஆகவே, ஒரு கோட்டு போதாது. முழுக்கை வைத்த பருத்திக் கோட்டு 2 வேண்டும். ஒன்றைத் துவைத்துப் போட்டால் மற்றொன்றை அணியலாம்.

கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி அடங்கிய கருவிப் பெட்டியும் வேண்டும். கால் விரல்களை மூடும் பூட்ஸ் வேண்டும். அறுத்துப் படிக்கும்போது கையுறை போடுவதால், மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்!

மனித உடலில் 206 எலும்புகள் உண்டு. அத்தனையையும் தெரிந்துகொள்ள, படங்கள் நிறைந்த உடற்கூறு புத்தகம் மிகவும் உதவும். மேல் வகுப்பு மாணவர் படித்த பழைய புத்தகமாக இருந்தாலும் குற்றமில்லை. எலும்பு மாறிவிடப் போவதில்லை!

ஸ்டெதாஸ்கோப் வேண்டாமா?

வேண்டும். 1816-ம் ஆண்டு பாரிஸ் நகரில் லேனக் என்ற டாக்டர், காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். இன்றும் அது டாக்டரின் அடையாளம்.

ஆனால் முதல் ஆண்டில் அதற்கு வேலை குறைவு. ரத்த அழுத்தம் பார்க்கப் பழகும்போது தேவைப்படும். நோயாளிகளின் படுக்கை அருகே நின்று படிக்கும்போதுதான் அதற்கு முழு வேலை. எனவே வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியதில்லை. உறவினர் கூடிப் பேசி, நடுத்தர விலையில் ஒன்று வாங்கினால் போதும்.

வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் நல்ல பரிசு. நாடி பார்க்க அது உதவும். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிக்கும். அதை எண்ணுவதற்கு விலை உயர்ந்த கடிகாரம் தேவையில்லை.

ஏழைப் பிள்ளைக்கு

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி, 2020-ம் ஆண்டில் தமிழக அரசு சட்டம் செய்தது. அதனால் கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகளும் டாக்டருக்குப் படிக்கிறார்கள். அவர்களில் பலர் தமிழில் படித்தவர்கள். கல்லூரியிலோ பாடம் ஆங்கிலத்தில். அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு மருத்துவ அகராதி கொடுத்தால், அது தங்கத்தைவிட மேலானது.

அந்தப் பிள்ளை, "எனக்கு இது இல்லை" என்று வாய் திறந்து கேட்காது. வெட்கப்படும். பக்கத்தில் இருப்பவரிடம் இரவல் வாங்கும். பெரியவர்கள்தான் தெரிந்து செய்ய வேண்டும்.

கடன் வாங்கி மோதிரம் போட வேண்டாம். "கல்லூரியில் என்னென்ன வாங்கச் சொன்னார்கள்?" என்று முதலில் கேட்க வேண்டும். ஒருவர் கோட்டு, ஒருவர் கருவிப் பெட்டி, ஒருவர் புத்தகம் என்று பங்கிட்டுக் கொள்ளலாம். எதுவும் தெரியாவிட்டால், கவரில் பணம் வைத்துக் கொடுக்கலாம்.

கேட்டுக் கொடுப்பதில் கவுரவக் குறைவு ஒன்றும் இல்லை. பிள்ளை மனம் குளிரும். தகப்பனாருக்கும் பாரம் குறையும்!