முழங்காலுக்குக் கீழும் பாருங்கள்

காலில் நீலமாகப் புடைத்து நெளியும் குழாய்களை மரக்காணம் உப்பளமானாலும் சென்னை ஜவுளிக்கடையானாலும் நாம் ‘நரம்பு சுருட்டல்’ என்றுதான் சொல்கிறோம். பாதிக் கோளாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நரம்பு என்று நினைத்தால் எண்ணெய் தேய்த்து நீவுவதோடு வேலை முடிந்துவிடும். அது சிரை என்று தெரிந்தால்தான் இதயம் நினைவுக்கு வரும். இரத்தத்தைக் காலிலிருந்து மேலேற்றும் சிரைகளின் வால்வுகள் தளர்ந்து, இரத்தம் கீழேயே தேங்குவதால் வரும் வீக்கம் இது. தைவானில் இந்த நோயுள்ள 2,12,984 பேரை அதே எண்ணிக்கையில் நோயற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. நோயுள்ளவர்களுக்கு ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு 5 மடங்குக்கு மேல். கால் தமனி நோய்க்கான வாய்ப்பும் சுமார் 1.7 மடங்கு. ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வு 2021-இல் இன்னொன்றைச் சொன்னது: சிரைக் கோளாறு முற்றி வீக்கமும் தோல் மாற்றமும் கண்டவர்களிடம், வயதையும் பிற ஆபத்துகளையும் கழித்துப் பார்த்த பிறகும் இறப்பு கூடுதலாகவே இருந்தது.

அப்படியானால் சுருண்ட சிரைதான் மாரடைப்பைக் கொண்டுவருகிறதா? அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. முதுமையும் உடல் பருமனும் இரண்டு நோய்களுக்கும் பொதுவானவை. தைவான் ஆய்வுக்கு அடிப்படையான காப்பீட்டுப் பதிவேடுகளில் புகைப்பழக்கமோ உடல் எடையோ இல்லை. சிரையை லேசரால் அடைத்தால் இதயம் பிழைக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால், காரணமாக இல்லாத ஒன்று அடையாளமாக இருக்கலாம். அதுவும் செலவில்லாமல் கண்ணுக்கு நேரே தெரியும் அடையாளம். நின்றே வேலை செய்பவர்களிடம் இந்த அடையாளத்தைத் தேட வேண்டும். உப்பளத் தொழிலாளர்கள் உப்பை வாருவதும் சுமப்பதுமாக நடந்துகொண்டேதானே இருக்கிறார்கள், நடந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தைப் பிழிந்து மேலேற்றாதா என்று கேட்கலாம். ஏற்றும். ஆனாலும் மணிக்கணக்கான நிற்பு, சுமை தூக்கும்போது வயிற்றில் ஏறும் அழுத்தம், வெயிலில் விரியும் சிரை என எதிர்ப்பக்கமும் கனமானது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரச் சொல்லி 2021-இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கை உப்பள வரப்பு வரை வரவில்லை.

அதே ஆண்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வருகிற பணியாளர் ஒரு நிமிடம் குனிந்து காலையும் பார்க்கட்டும். எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கப் பணமேது என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. கணுக்கால் கறுத்திருக்கிறதா, ஆறாத புண் உண்டா என்று பார்க்கக் கண் போதும். இருந்தால் அந்த நோயாளியின் இதய ஆபத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ மரக்காணத்துக்காரரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அப்போதே அனுப்ப வேண்டும். உப்புநீரில் நிற்பவருக்கு இறுக்கக் காலுறை எழுதிக்கொடுத்து அனுப்புவது சீட்டை நிரப்பும் வேலை. கால் தமனியில் அடைப்பு இருந்தால் அந்தக் காலுறை கேடாகவும் முடியும். பாத்திகளின் ஓரத்தில் ஒரு கூரை, மதியத்தில் காலை உயர்த்திவைத்துப் படுக்க அரைமணி நேரம்: இதற்கு ஆகும் செலவை உப்பள உரிமையாளர்கள் மூட்டைக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம்.