பெயரற்ற கைகளின் தேய்மானம்

1993 நவம்பரில் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சிக்காக கர்ட் கோபேன் வாசித்த மார்ட்டின் டி-18இ கிதார், 2020 ஜூனில் 60 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பில்லி த கிட்டைச் சுட்டுக் கொன்ற ஷெரீஃப் பேட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 60 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்குப் போனது. பாட்டுக்கும் கொலைக்கும் சந்தை ஏறக்குறைய ஒரே விலையை வைத்திருக்கிறது என்று கிண்டலடித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு உறுத்துவது வேறொன்று. கோபேன் அந்த 1959ஆம் ஆண்டுக் கிதாரை இடதுகைப் பழக்கத்துக்கேற்பத் தந்திகளை மாற்றிக் கட்டி, ஒலித்துளையில் கூடுதலாக ஒரு பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். ஊர்பேர் தெரியாத ஒருவர் இதையே செய்திருந்தால் சேகரிப்பாளர்கள் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். 'மூலநிலை கெட்டது' என்ற ஒற்றைச் சொல்லில் விலை சரிந்திருக்கும்.

பழம்பொருள் சந்தையின் மிகப் பெரிய போலித்தனம் இதுதான் என்று நினைக்கிறேன். புகழ்பெற்ற கையின் தேய்மானத்தை அது திருநீறாகப் பூசிக்கொள்கிறது. பெயரற்ற கையின் தேய்மானத்துக்கு அபராதம் விதிக்கிறது. பிறகு, கூச்சமே இல்லாமல், போலித் தேய்மானத்தைத் தயாரித்துப் புதுச்சரக்காக விற்கிறது.

முதலில் துப்பாக்கிகள். அமெரிக்காவில் பழந்துப்பாக்கி வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, தொழிற்சாலையில் ஏற்றிய மேற்படலத்தில் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பது. விலைப்புத்தகங்களில் 98, 95, 90, 80 என்று சதவீதங்கள் பத்தி பத்தியாக இறங்கும். கூடவே விலையும் இறங்கும். 1873இல் அறிமுகமான கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரைத் தோலுறையில் செருகியும் உருவியும் வந்தால் குழாய்முனையிலும் உருளையின் விளிம்புகளிலும் நீலம் போய் வெள்ளை எஃகு தெரியும். அந்த வெண்மைக்குக் காசு குறையும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'நீலமேற்றுதல்' என்பதே கட்டுக்குள் வைக்கப்பட்ட துருதான். எஃகின் மேற்பரப்பை வேண்டுமென்றே ஆக்சிஜனோடு வினைபுரிய வைத்து, மேலும் துருப்பிடிக்காமல் காக்கும் கருநீலப் படலம் ஒன்றை உருவாக்குகிறார்கள். ஆக, தொழிற்சாலை ஏற்றிய துருவுக்கு விலை. மழையும் மனித வியர்வையும் ஏற்றிய துருவுக்கு வெட்டு.

தேய்ந்ததற்காவது வெட்டோடு போகிறது. திருத்தியதற்குத் தண்டனை இன்னும் கொடியது. தாத்தாவின் வின்செஸ்டர் ரைஃபிளைப் பேரன் ஆசையோடு எஃகுப் பஞ்சால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு போய் நிற்பதும், மதிப்பிடுபவர் பெருமூச்சு விடுவதும் அந்த வட்டாரத்தில் சலித்துப்போன கதை. இங்கே சேகரிப்பாளர் பக்கம் நியாயம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுபடி மெருகேற்றும்போது கூர்மையான விளிம்புகள் மழுங்குகின்றன, முத்திரை எழுத்துகள் மங்குகின்றன, துருக்குழிகள் மறைகின்றன. அழிவது சாட்சியம். மோசடிக்காரர்களின் முதல் கருவியும் இதே மெருகுதான். சுமார் 1,100 மட்டுமே செய்யப்பட்ட 1847ஆம் ஆண்டு கோல்ட் வாக்கர் போன்றவற்றுக்குப் போலிகள் புழங்கும் உலகில், தொடாதே என்ற எச்சரிக்கை மூடத்தனமல்ல.

ஆனால் சாட்சியத்தைக் காப்பதற்கென்று பிறந்த விதி, உபயோகத்தையே குற்றமாக்கும் விதியாக எப்போது மாறியது? கிதார்களிடம் வந்தால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மை கொள்கிறது. துப்பாக்கியைச் சுடாமல் வைத்திருப்பதில் உலகுக்கு நஷ்டமில்லை, நன்மைகூட உண்டு. வாசிக்காத வாத்தியம் என்பதற்கு என்ன பொருள்?

1950களின் ஃபெண்டர், கிப்சன் கிதார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசினார்கள். மெல்லிய படலம். குளிரிலும் வெப்பத்திலும் நுண்வெடிப்பு விடும், முழங்கை உரசும் இடத்தில் கரையும், வெளிச்சத்தில் நிறம் மாறும். 1958க்கும் 1960க்கும் இடையில் வந்த கிப்சன் லெஸ் பால் சன்பர்ஸ்ட் கிதார்களில் பலவற்றின் சிவப்பு வெளிறி எலுமிச்சை நிறமாகிவிட்டது. அந்த வெளிறலை மட்டும் சேகரிப்பாளர்கள் உருகி உருகி வர்ணிப்பார்கள். வெயில் செய்த வேலையாயிற்றே, மனிதன் செய்ததல்லவே! அதே கிதாருக்கு ஒருவர் மறுபூச்சு பூசியிருந்தால் விலை பாதியாகும் என்பது வணிகர்களின் வழக்கமான கணக்கு. பூச்சைக்கூட விட்டுவிடலாம். வீணையின் மெட்டுகளைப் போலக் கிதாரின் கழுத்தில் ஃப்ரெட் கம்பிகள் இருக்கின்றன. வாசிக்க வாசிக்க அவை பள்ளம் விழுந்து தேயும். மாற்றாவிட்டால் சுருதி நிற்காது. ஆக, ஃப்ரெட் மாற்றப்பட்ட கிதார் என்றால் நேசித்து வாசிக்கப்பட்ட கிதார் என்று பொருள். பட்டியலில் அது ஒரு குறை. முதல் ஃப்ரெட்டுகள் பள்ளமின்றி, பிரிக்கப்படாத பற்றவைப்புகளோடு, கட்டிலுக்கடியில் 60 ஆண்டுகள் கிடந்த கிதாருக்கு உச்ச விலை. யாருக்கும் வாசிக்கத் தோன்றாத கிதாரைத் தலைசிறந்த கிதார் என்று அறிவிக்கும் ஒரு மதிப்பீட்டு முறைக்கு ரசனை என்று பெயர் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதே நியதியின் கீழ் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பாருங்கள். கழுத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறார். பிக்கப்புகளை மாற்றியிருக்கிறார். வேறொரு ட்ரெமொலோவுக்காக உடலைக் குடைந்து, பிறகு அதை அடைத்தும் இருக்கிறார். உடைமையாளர் பெயரை மறைத்துவிட்டு ஒரு வணிகரிடம் கொடுத்தால் 'வாசிக்க மட்டும் லாயக்கு' என்று ஓரமாக வைப்பார். (வாசிக்க லாயக்கு என்பது வசைச்சொல்லாகும் ஒரே வாத்தியச் சந்தை இதுவாகத்தான் இருக்கும்.) 2019இல் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது.

இனி போலித் தேய்மானத்துக்கு வருவோம். 1995இல் ஃபெண்டர் நிறுவனத்தின் கஸ்டம் ஷாப், 'ரெலிக்' என்ற பெயரில் பழசாக்கப்பட்ட புதுக் கிதார்களை அறிமுகம் செய்தது. பூச்சைச் சுரண்டி, உலோகத்தை மங்கவைத்து, இடுப்புவார்க் கொளுவி கீறியதுபோலப் பின்புறத்தைக் கீறி விற்றார்கள். கிப்சன் 2021இல் மர்ஃபி லேப் என்ற பெயரில் இதற்குத் தரவரிசையே வகுத்தது: மிக லேசான முதுமை, லேசான முதுமை, கனத்த முதுமை, மிகக் கனத்த முதுமை. முதுமை ஏற ஏற விலையும் ஏறும். பழையதில் ஒவ்வொரு கீறலுக்கும் காசு குறைக்கும் அதே வட்டாரம், புதியதில் ஒவ்வொரு கீறலுக்கும் காசு கூட்டித் தருகிறது. பழந்துப்பாக்கி உலகில் ஒரு புதுப் பொருளுக்குச் செயற்கையாக முதுமை ஏற்றிப் பழையதென்று விற்றால் அது மோசடி. இங்கே புதியது என்று சொல்லியே விற்பதால் சட்டப்படி குற்றமில்லை. இத்தாலியில் செய்யப்படும் நகல் ரிவால்வர்களும் இன்று அதேபோலப் பழந்தோற்றத்தில் வருகின்றன.

இவற்றில் எனக்கு மிகவும் கசந்தது ரோரி கேலகர் மாதிரி. அயர்லாந்தின் கேலகர் 1963இல் கார்க் நகரக் கடையொன்றில் வாங்கிய 1961ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் அது. 1995இல் இறக்கும்வரை அவரை விட்டு நீங்கவில்லை. பூச்சு பெரும்பகுதி உதிர்ந்து வெறும் மரமாக நிற்கும். அவருடைய வியர்வைதான் அதைத் தின்றது என்பார்கள். மேடைமேடையாக அலைந்த ஓர் உடலின் வரைபடம் அந்த மரத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தைத் திட்டுத் திட்டாக அளந்து நகலெடுத்து, பெட்டியில் வைத்து விற்கிறார்கள். வாங்குபவர் கையில் இருப்பது, அவர் சிந்தாத வியர்வையின் தழும்பு. முழங்கையை எங்கே வைத்து வாசித்தாலும், தடம் இன்னொருவருடையதாகவே இருக்கும்.

தேய்ந்த கழுத்து கைக்கு இதமாக இருக்கிறது என்பார்கள் ஆதரவாளர்கள். உண்மைதான். மெருகு போன மரத்தில் விரல் ஒட்டுவதில்லை. விளிம்பு உருண்டால் உள்ளங்கைக்குச் சுகம். அதற்கு உப்புத்தாளும் ஒரு நல்ல தச்சரும் போதுமே. பின்புறத்தில் இடுப்புவார்க் கீறல் எந்த விரலுக்கு இதம்? 'புதுக் கிதாரில் முதல் கீறல் விழுமோ என்ற பயம் போய்விடுகிறது' என்ற வாதம் இன்னும் பரிதாபமானது. அந்தப் பயத்தை ஊட்டியதே சதவீதக் கணக்குகள்தாம். நோயைப் பரப்பியவர்களிடமே மருந்தையும் வாங்குகிறோம்.

இலக்கிய வாசகர்களுக்கு இரண்டு ரிவால்வர்களை நினைவூட்ட விரும்புகிறேன். 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் வெர்லென் ரைம்போவைச் சுட்டு மணிக்கட்டில் காயப்படுத்திய துப்பாக்கி, 2016இல் பாரிஸில் 4,34,500 யூரோவுக்குப் போனது. வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் துப்பாக்கி 2019இல் 1,62,500 யூரோவுக்குப் போனது. இரண்டாவதற்கு உறுதியான ஆவணம் ஏதுமில்லை. 1960 வாக்கில் ஓவர்-சூர்-உவாஸ் வயலொன்றில் ஒரு விவசாயி கண்டெடுத்த துருக்கட்டி அது. பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்ததற்கு அந்தத் துருவே சாட்சி. கண்டெடுத்தவர் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தால் சாட்சியும் போயிருக்கும். ஆக, தேய்மானத்தைப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர் இவர்கள். பெயர் இருந்தால் மட்டும் படிப்பார்கள்.

வேறு விதமாகப் படித்த மரபுகள் உண்டு. ஜப்பானில் வாளின் அலகைத் தேர்ந்த மெருகாளர் தலைமுறைதோறும் தீட்டலாம். அதனால் மதிப்பு குறையாது. பிடிக்குள் மறைந்திருக்கும் அடிக்காம்பின் துருவை மட்டும் யாரும் தொடக்கூடாது. வாளின் வயதை அங்கேதான் படிக்கிறார்கள். உழைக்கும் பகுதிக்குப் பராமரிப்பு, சாட்சி சொல்லும் பகுதிக்கு மௌனம். வயலின் உலகிலும் இதற்கு நிகரான ஏற்பாடு இருக்கிறது. ஸ்ட்ராடிவாரி செய்தவற்றில் அநேகமாக எல்லாவற்றின் கழுத்துகளையும் பிற்காலத்து வாசிப்புக்கேற்ப மாற்றிவிட்டார்கள். கோடிகளில்தான் விலை, மேடைகளில்தான் வாழ்வு. அங்கேயும் தொடப்படாததன் மோகம் இல்லாமலில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் 1716ஆம் ஆண்டு 'மெசையா' புத்தம்புதிதுபோல் கண்ணாடிக்குள் மௌனமாக இருக்கிறது. ஆனால் அது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கையே இலக்கணமாக்கியது கிதார் சந்தைதான்.

கேலகரின் மூலக் கிதார் 2024 அக்டோபரில் லண்டனில் கட்டணங்கள் உட்பட 8,89,400 பவுண்டுக்கு ஏலம் போய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகச் சேர்ந்தது. நல்லதுதான். அதே 1961இல் அதே தொழிற்சாலையிலிருந்து வெளியேறி, கல்யாண வீடுகளிலும் மதுக்கடைகளிலும் ஒலித்து, இரண்டு முறை ஃப்ரெட் மாற்றி, சொந்தக்காரர் தன் கையாலேயே பச்சை வண்ணம் அடித்துக்கொண்ட இன்னொரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் எங்கோ ஒரு கடையில் பாதி விலையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் அட்டையில், யார் எப்போது எதை ஏன் மாற்றினார் என்று நான்கு வரி எழுதிவைக்க வணிகர்களுக்கு என்ன தடை?